அரிசிக் கணக்கோட கடைசி இலக்கம் 5

சதுரங்கப் பலகையில அரிசி வெக்கிற கதை உங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். முதல் கட்டத்துல ஒரு அரிசி. அடுத்ததுல ரெண்டு. அதுக்கடுத்ததுல நாலு. இப்படி இரட்டிப்பாக்கிட்டே போய் அறுபத்து நாலு கட்டத்தையும் நிரப்பணும். ராஜா "பூ, இவ்ளோதானா"ன்னு கேப்பாரு, அப்புறம் களஞ்சியம் காலியாகி முழிப்பாரு.

இந்தக் கதை எங்க குடும்ப குரூப்புக்கு மறுபடியும் ஃபார்வர்டா வந்துச்சு. ராஜா, யானை, பளபளன்னு ஒரு பலகைன்னு படமெல்லாம் போட்டு, கடைசியில தடிமனா ஒரு எண்:

18446744073709551616

எனக்கு வந்துச்சே ஒரு எரிச்சல்!

தப்பு அது. கடைசி இலக்கம் 5. சரியான எண் 18446744073709551615.

"ஏம்மா, இத்தனை கோடியில ஒரே ஒரு அரிசி கூடக்குறைய இருந்தா என்ன இப்போ?"ன்னு பெரியப்பா வாய்ஸ் மெசேஜ் போட்டாரு. அவருக்கு அங்கயே பதில் சொல்ல ஆரம்பிச்சு, அது நீண்டுக்கிட்டே போய், இங்க வந்து உக்காந்துட்டேன். (பெரியப்பா, இது உங்களுக்குத்தான். பொறுமையாப் படிங்க.)

முதல்ல ஒரு விஷயம். 616 தப்புன்னு சொல்றதுக்குக் கணக்கே போட வேண்டாம். முதல் கட்டத்துல ஒரு அரிசி. மத்த அறுபத்து மூணு கட்டத்துலயும் இரட்டைப்படை. இரட்டைப்படைகளைக் கூட்டினா இரட்டைப்படைதான் வரும், அதோட அந்த ஒத்தை அரிசி சேருது. மொத்தம் ஒற்றைப்படையாத்தான் இருந்தாகணும். 6-ல முடியவே முடியாது. ராஜாவுக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

அப்ப அந்த 616 எங்கிருந்து வருது? அது 65-ஆவது கட்டம்னு ஒண்ணு இருந்தா அதுல வெக்க வேண்டிய அரிசி. 1+2 = 3, அது 4-க்கு ஒண்ணு கம்மி. 1+2+4 = 7, 8-க்கு ஒண்ணு கம்மி. எங்க நிறுத்தினாலும் அதுவரைக்கும் வெச்ச மொத்தம், அடுத்த கட்டத்து அரிசியை விட ஒண்ணு கம்மியா இருக்கும். அந்த ஒண்ணைக் கழிக்கிறதுதான் விட்டுப் போகுது.

விட்டுப் போறதுக்கு மிஷினும் ஒரு காரணம். எக்செல்ல போட்டுப் பாருங்க, 18446744073709600000-ன்னு காட்டும். பதினஞ்சு இலக்கத்துக்கு மேல அதுக்கு நினைவு கிடையாது, மிச்ச இடத்தைச் சைபர் போட்டு ரொப்பிடும். அதுல 1 கழிக்கச் சொன்னா எண் அசையவே அசையாது. மிதவைப் புள்ளி முறையில எண்களை வெச்சுக்கிற பெரும்பாலான நிரல்கள்லயும் இதே கதைதான். இருபது இலக்க எண்ணுக்கு முன்னாடி ஒரு அரிசி அதுக்குக் கண்ணுல படாது.

ஆனா ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் இதைச் சரியாப் போடுற வழி சொல்லியிருக்காரு. அல்-பிரூனி. இந்தியாவைப் பத்திப் பெரிய புத்தகம் எழுதினாரே, அவரேதான். 1000-ஆம் ஆண்டுவாக்குல, பழைய சமூகங்களோட காலக்கணக்கு பத்தி அவர் எழுதின நூல்ல இந்தச் சதுரங்கக் கணக்கு வருது. அவரோட வழி அவ்வளவு அழகு! கட்டம் கட்டமா அறுபத்து நாலு தடவை இரட்டிப்பாக்க வேண்டாம். 16-ல ஆரம்பிங்க. அதை அதாலயே பெருக்குங்க, 256. அதை அதாலயே, 65536. மறுபடி, 4294967296. இன்னொரு தடவை, 18446744073709551616. நாலே பெருக்கல். கடைசியில ஒண்ணைக் கழிங்க.

நான் பேப்பர்ல போட்டுப் பாத்தேன். முதல் மூணும் மளமளன்னு வந்துடும். நாலாவதுதான் ஆளைச் சாப்பிடும், பத்து இலக்கத்தைப் பத்து இலக்கத்தால பெருக்கணும், ஒரு முழுப்பக்கம் வேணும். சரிபாக்கிறதுக்கு எங்க ஸ்கூல்ல சொல்லிக்குடுத்த பழைய வழி: இலக்கங்களைக் கூட்டுறது. 4294967296-ஓட இலக்கங்களைக் கூட்டினா 58, அதைக் கூட்டினா 13, அதையும் கூட்டினா 4. நாலு நாலு பதினாறு, 1+6 = 7. விடையோட இலக்கங்களைக் கூட்டினா 88, 16, 7. அப்பாடா!

சரி, எண் கையில வந்தாச்சு. வாய்விட்டுப் படிக்கணும்னா 1,84,467 கோடி கோடி, அதுக்கு மேல 44,07,370 கோடியே 95,51,615.

இப்ப என்னோட ரெண்டாவது எரிச்சல். (இதுதான் பெரிசு.)

இந்தக் கதையைச் சொல்றவங்க எல்லாரும் இங்க வந்து நின்னுடுறாங்க. "அம்மாடி, எவ்ளோ பெரிய எண்!" அத்தோட சரி. பெரிசா இருக்கிறது ஒரு பெருமையா? அதோட ஒண்ணைக் கூட்டினா அதை விடப் பெரிசு ரெடி. எனக்கு இந்த எண் பிடிக்கிறதுக்குக் காரணம் அதோட உள்கட்டு. எந்த எண்களைப் பெருக்கினா இது வரும், எதால வகுத்தா மீதி இல்லாம போகும், ஏன் போகும். அதுக்குள்ள முந்நூறு வருஷக் கணித வரலாறு உக்காந்திருக்கு. அதைத் திறக்காமலே எல்லாரும் தாண்டிப் போறாங்க.

இருந்தாலும் அளவையும் ஒரு தடவை சொல்லிடுறேன், ஆசைக்கு. நாங்க எடை போட்டுப் பாத்த அரிசியில ஆயிரம் அரிசிக்கு 20 கிராம் வந்துச்சு. அந்தக் கணக்குல முதல் வரிசை எட்டு கட்டத்துக்கு 255 அரிசி, அஞ்சு கிராம். ரெண்டு வரிசைக்கு 65535, ஒண்ணேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. பாதிப் பலகைக்கு 4294967295, கிட்டத்தட்ட 86 டன். முழுப் பலகைக்கு 36,900 கோடி டன். உலகம் முழுக்க இப்ப விளையுற அரிசி வருஷத்துக்கு 50 கோடி டன்னை ஒட்டி இருக்கும். எழுநூறு வருஷ விளைச்சல்.

கேரளாவுல அம்பலப்புழை கிருஷ்ணன் கோயில் பால்பாயசம் கேள்விப்பட்டிருப்பீங்க. கிருஷ்ணர் ஒரு வயசான முனிவர் வேஷத்துல வந்து ராஜாவோட சதுரங்கம் ஆடி ஜெயிச்சாராம். பந்தயம் இதே அரிசிதான். ராஜாவால குடுக்க முடியல, அதனால கோயிலுக்கு வரவங்களுக்குப் பாயசமா ஊத்தி ஊத்திக் கடனை அடைச்சுக்கிட்டே இருக்காங்கன்னு தலபுராணம். எந்த நாட்டு ராஜா கதையை விடவும் எனக்கு இதுதான் பிடிக்கும். கடன் தீராததால பாயசமும் தீராது!

இப்ப உள்ள போவோம்.

என் அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. பேப்பர்ல நான் எழுதி வெச்சிருந்ததைப் பாத்துட்டு வந்தா.

"சித்தி, அஞ்சுல முடியுதே. அப்ப அஞ்சு பேருக்குச் சமமாப் பிரிக்கலாம்ல?"

"பிரிக்கலாம்டா."

"மூணு பேருக்கு?" (அவளே இலக்கங்களைக் கூட்டினா. 87. மூணால போகும்.) "போகுது! ஏழு பேருக்கு?"

"நீயே பாரு. ஆனா வகுக்காம சொல்லணும். பலகையை மட்டும் பாரு."

மூணுக்கு எப்படின்னு நான் காட்டினேன். கட்டங்களை ரெண்டு ரெண்டா சேருங்க. 1+2 = 3. 4+8 = 12. 16+32 = 48. ஒவ்வொரு ஜோடியும் மூணோட மடங்கு. அறுபத்து நாலு கட்டம், முப்பத்து ரெண்டு ஜோடி, ஒண்ணும் மிச்சமில்ல. மூணு பேருக்குச் சமம்.

ஏழுக்கு மும்மூணா சேக்கணும். 1+2+4 = 7. ஆனா அறுபத்து நாலை மூணு மூணாப் பிரிச்சா ஒரு கட்டம் தனியா நிக்கும். அவ கொஞ்ச நேரம் பலகையையே பாத்துட்டு, "முதல் கட்டத்தை விட்டுட்டு ரெண்டாவதுல இருந்து ஆரம்பிக்கிறேன் சித்தி. 2+4+8 = 14. அடுத்த மூணு 16+32+64 = 112. எல்லாம் ஏழோட மடங்கு. முதல் கட்டத்து ஒரு அரிசிதான் மிச்சம்"னா.

ஏழு பேருக்குப் பிரிச்சா மீதி ஒண்ணு. இருபது இலக்க எண்ணை ஒரு தடவை கூட வகுக்காம! எனக்கு அவளைத் தூக்கிச் சுத்தணும் போல இருந்துச்சு.

அவ செஞ்சதை இன்னும் கொஞ்சம் நீட்டினா முழு எண்ணும் பிரிஞ்சு வந்துடும். பாருங்க.

முதல் ரெண்டு கட்டம் சேர்ந்து 3. அடுத்த ரெண்டு கட்டம் அதோட நாலு மடங்கு. அப்ப நாலு கட்டம் சேர்ந்தா முதல் ரெண்டோட 5 மடங்கு. 3 × 5 = 15.

அடுத்த நாலு கட்டம் முதல் நாலோட 16 மடங்கு. அப்ப ஒரு முழு வரிசை, 17 மடங்கு. 15 × 17 = 255.

ரெண்டாவது வரிசை முதல் வரிசையோட 256 மடங்கு. ரெண்டும் சேர்ந்தா 257 மடங்கு. 65535.

அடுத்த ரெண்டு வரிசையும் சேர்ந்தா 65537 மடங்கு. 4294967295. பாதிப் பலகை.

கீழ்ப்பாதியும் சேர்ந்தா 4294967297 மடங்கு. முழுப் பலகை.

அதாவது நம்ம எண் = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297.

பலகையைப் பாதி பாதியா மடிச்சா ஒவ்வொரு மடிப்புலயும் ஒரு காரணி விழுது. வகுத்தல் எங்கயும் வரல. 64 அப்படிங்கிறது 2-ஐ ஆறு தடவை பெருக்கி வர எண், அதனால ஆறு மடிப்பு, ஆறு காரணி. சதுரங்கப் பலகைக்கு 60 கட்டமோ 70 கட்டமோ இருந்திருந்தா இந்த அமைப்பு வந்திருக்காது.

இந்த ஆறு எண்களை 1640-ல ஒருத்தர் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. பிரான்ஸ்ல துலூஸ் நகரத்துல நீதிமன்றத்துல வேலை பாத்த பியர் த ஃபெர்மா. 3, 5, 17, 257, 65537 அஞ்சும் பகா எண். அப்ப ஆறாவதும் பகா எண்தான், அதுக்கு மேல இதே மாதிரி வரதெல்லாமும் பகா எண்தான்னு அவர் உறுதியா நம்பினாரு. நிரூபணம் இல்ல. ஆனா கடிதத்துல மத்தவங்களுக்கு எழுதுற அளவுக்கு நம்பிக்கை.

ரொம்ப நாள் யாராலயும் ஆமாம்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல. 1729 டிசம்பர்ல கோல்ட்பாக்னு ஒரு கணிதக்காரர், இன்னொரு கணிதக்காரர் ஆய்லருக்கு எழுதின கடிதத்துல "ஃபெர்மா சொன்னது தெரியுமா?"ன்னு கேட்டாரு. ஆய்லர் அப்ப ரஷ்யாவுல, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல. இருபதுகள்ல இருக்கிற பையன். 1732-ல பதில் வந்துச்சு:

4294967297 = 641 × 6700417.

பகா எண் கிடையாது. உடைஞ்சுடுச்சு.

(பெருக்கிப் பாக்கணும்னு கை துறுதுறுங்குதா? 6700417-ஐ 600-ஆல பெருக்கினா 4020250200. 40-ஆல, 268016680. ஒண்ணால, 6700417. மூணையும் கூட்டுங்க.)

ஆய்லர் 641-ஐ எப்படிப் பிடிச்சாருங்கிறதுதான் இந்தப் பதிவோட உயிர். அதுக்கு மறுபடியும் நம்ம அரிசிக்கே வரணும்.

ஏதாவது ஒரு ஒற்றைப்படைப் பகா எண்ணை எடுத்துக்கோங்க. ஒவ்வொரு கட்டத்து அரிசியையும் அதால வகுத்து மீதியை மட்டும் எழுதுங்க. ஏழுன்னா: 1, 2, 4, 1, 2, 4, 1... அஞ்சுன்னா: 1, 2, 4, 3, மறுபடி 1. பதினேழுன்னா: 1, 2, 4, 8, 16, 15, 13, 9, மறுபடி 1. எந்தப் பகா எண்ணா இருந்தாலும் ராட்டினம் மாதிரி சுத்தி ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துடும். ஏழுக்கு மூணு கட்டத்துல ஒரு சுத்து. அஞ்சுக்கு நாலு கட்டம். பதினேழுக்கு எட்டு.

சரியா 64-ஆவது கட்டத்தோட ஒரு சுத்து முழுசா முடியணும். அப்பதான் 65-ஆவது கட்டம் மறுபடி 1-ல ஆரம்பிக்கும், அதுல ஒண்ணு கம்மியான மொத்தம் மீதியில்லாம போகும். ஆக, எந்தப் பகா எண்ணோட சுத்து 64-ஐச் சமமா வகுக்குதோ, அதுதான் நம்ம எண்ணுக்குள்ள இருக்க முடியும். சுத்தோட நீளம் 2, 4, 8, 16, 32, 64, இதுல ஒண்ணா இருக்கணும். வேற வழியே இல்ல. 7-க்கு 3, அதனால வெளிய. 13-க்கு 12, வெளிய. 11-க்கு 10, வெளிய.

உள்ள வரவங்களைப் பாருங்க. நீளம் 2-க்கு 3. நீளம் 4-க்கு 5. எட்டுக்கு 17. பதினாறுக்கு 257. முப்பத்து ரெண்டுக்கு 65537. ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரே ஒரு ஆள். கடைசி நீளம் 64-க்கு மட்டும் ரெண்டு பேர், 641-உம் 6700417-உம்.

இப்ப இதுல ஒரு விதி சேருது. ஒரு பகா எண்ணோட சுத்து நீளம், அந்த எண்ணுல ஒண்ணு கழிச்சா வரதைக் கண்டிப்பா வகுக்கும். 7-க்கு நீளம் 3, அது 6-ஐ வகுக்கும். 17-க்கு நீளம் 8, அது 16-ஐ வகுக்கும். அப்ப 64 நீளமுள்ள பகா எண், 64-ஓட மடங்கை விட ஒண்ணு கூடுதலா இருந்தே ஆகணும்.

எழுதுங்க: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641.

இதுல பகா எண்கள் மட்டும்: 193, 257, 449, 577, 641.

அஞ்சாவது ஆள்! நானூறு கோடிக்கு மேல இருக்கிற எண்ணை உடைக்க அஞ்சே அஞ்சு வகுத்தல்! 641-ல ஒண்ணு கழிச்சா 640, அறுபத்து நாலோட பத்து மடங்கு. சதுரங்கப் பலகையோட 64, காரணிக்குள்ளயே அச்சு குத்தின மாதிரி நிக்குது. 6700417-ம் அப்படியே. ஒண்ணு கழிச்சு 64-ஆல வகுங்க, 104694 மடங்கு, மீதி இல்ல.

இதை முதல்ல படிச்சப்போ எனக்குச் சிலிர்த்துச்சுன்னா, அடுத்தது தெரிஞ்சப்போ மனசு கனத்துடுச்சு. அந்தச் சுத்து நீள விதி யாரோடது தெரியுமா? ஃபெர்மாவோடதேதான். அதே 1640-ல அவர் கடிதத்துல எழுதினது. சாவி அவர் பையிலயே இருந்திருக்கு. அஞ்சு வகுத்தல் தூரத்துல 641. அந்தப் பூட்டுல அந்தச் சாவியைப் போட்டுப் பாக்கத் தோணலையோ, போட்டப்போ எங்கயாவது ஒரு கழித்தல் பிசகிடுச்சோ. அவ்வளவு பெரிய மூளை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசே வராது, அந்தச் சாவியையும் அவர்தானே நமக்குக் குடுத்தாரு.

641 நிஜமாவே வகுக்குதான்னு பெரிய எண்ணைத் தொடாமலே காட்டுற ஒரு வழியும் உண்டு. 641 = 640 + 1. 640 அப்படிங்கிறது 5 × 128. இன்னொரு பக்கம் 641 = 625 + 16. 625 அப்படிங்கிறது 5-ஐ நாலு தடவை பெருக்கினது. 641-ஆல வகுக்கிற உலகத்துல, 5 × 128-ஓட மீதி "ஒண்ணு குறைவு", அதாவது -1. அதை நாலு தடவை பெருக்கினா மீதி 1. ஆனா அந்த நாலு பெருக்கல்ல 5-கள் சேர்ந்து 625 ஆகுது, அதோட மீதி -16. 128-கள் சேர்ந்து இருபத்தெட்டு 2-கள். -16-ல இன்னும் நாலு 2-கள். மொத்தம் முப்பத்து ரெண்டு 2-கள், முன்னாடி ஒரு கழித்தல் குறி, மீதி 1. அப்ப 4294967296-ஓட மீதி -1. அதோட ஒண்ணைக் கூட்டினா மீதி பூஜ்யம். முடிஞ்சுது! ஒரு பஸ் டிக்கெட் பின்னாடி எழுதிடலாம் இதை.

(1812 வாக்குல லண்டன்ல ஜெரா கோல்பர்ன்னு ஒரு அமெரிக்கப் பையனை மேடையேத்திக் கணக்கு கேப்பாங்க. எட்டு வயசு. 4294967297-ஐக் குடுத்தப்போ, மனசுலயே போட்டு 641-ன்னு சொன்னதாப் பதிவு இருக்கு.)

ஆக பெரியப்பா, உங்க எண்ணுக்கு முழு ஜாதகம் இதுதான்:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண், ஒண்ணு கூட ரெண்டு தடவை வரல. ஒவ்வொண்ணையும் சேக்கலாம், விடலாம், அதனால மொத்தம் 128 வகுத்திகள். இந்த அரிசியை மீதியில்லாமப் பிரிக்க 128 விதம் இருக்கு.

பாதிப் பலகைக்கு இன்னொரு பெருமை. 1796-ல கவுஸ், இன்னும் பத்தொன்பது வயசு முடியாத பையன், காம்பஸும் அளவு குறிக்காத ஸ்கேலும் மட்டும் வெச்சு 17 பக்கம் உள்ள ஒழுங்கு பலகோணத்தை வரைய முடியும்னு நிரூபிச்சாரு. அதுவரைக்கும் ரெண்டாயிரம் வருஷமா யாரும் எதிர்பாக்காத விஷயம். எந்தெந்த ஒற்றைப்படைப் பக்க எண்ணுக்கு வரையலாம்னா, 3, 5, 17, 257, 65537 மாதிரியான ஃபெர்மாவோட பகா எண்களை, ஒண்ணை ஒரு தடவைக்கு மேல எடுக்காம, பெருக்கி வரதுக்கு மட்டும்தான். (மத்ததுக்கு முடியாதுன்னு 1837-ல வான்ட்செல்னு ஒருத்தர் நிரூபிச்சாரு.) அதாவது பாதிப் பலகை அரிசியோட வகுத்திகள்! 4294967295-க்கு 32 வகுத்திகள். 1-ஐ விட்டுட்டா 31. நமக்குத் தெரிஞ்ச வரைக்கும், வரைய முடிஞ்ச ஒற்றைப்படைப் பலகோணங்களும் சரியா அதே 31 தான். 65537 பக்கத்துக்கு எப்படி வரையுறதுன்னு ஹெர்மெஸ்னு ஒரு ஜெர்மன்காரர் பத்து வருஷம் உக்காந்து எழுதி 1894-ல முடிச்சாரு. அந்தக் கையெழுத்துப் பிரதி கெட்டிங்கன்ல இருக்கு. யாரும் அதை வரையப் போறதில்லைன்னு அவருக்கும் தெரியும். எனக்கு அந்த மனுஷன் மேல அவ்வளவு மரியாதை.

இன்னொரு சின்னது. 4294967295 வரைக்கும் உள்ள எண்கள்ல, அதோட 1-ஐத் தவிர பொதுக்காரணி ஒண்ணுமே இல்லாத எண்கள் எத்தனைன்னு எண்ணினா 2147483648. அது எது? 32-ஆவது கட்டத்துல இருக்கிற அரிசி. ஒண்ணு கூடவும் இல்ல, குறையவும் இல்ல.

நம்ம எண் வேற வேஷத்துலயும் ஊர் சுத்துது. 1883-ல எடுவார் லூகாஸ்னு பிரெஞ்சுக் கணிதக்காரர் "ஹனாய் கோபுரம்" விளையாட்டை விட்டாரு. மூணு கம்பி, ஒண்ணு மேல ஒண்ணா வட்டத்தட்டு, பெரிசு சின்னது மேல உக்காரக் கூடாது. அதோட கூடவே ஒரு கதை: காசிக் கோயில்ல 64 தங்கத் தட்டை அர்ச்சகர்கள் மாத்திக்கிட்டே இருக்காங்க, முடிஞ்சதும் உலகம் முடிஞ்சுடும்னு. (அப்படி ஒரு கோயில் கிடையாது, பாரிஸ்ல கட்டின கதை.) தேவையான நகர்த்தல் 18446744073709551615. நொடிக்கு ஒண்ணுன்னாலும் 58,400 கோடி வருஷத்துக்கு மேல. பிரபஞ்சத்தோட வயசே 1,380 கோடி வருஷம்தான்.

உங்க போன்லயும் இருக்கு. 64 பிட் இடத்துல எல்லாம் 1 போட்டா வர எண் இதுதான், அந்த இடத்துல அடங்குற ஆகப்பெரிய முழு எண். அதோட காரணி 65537 இன்னும் நெருக்கம். பேங்க் சைட்டைத் திறக்கும்போது பாதுகாப்புக்குப் பயன்படுற ஆர்எஸ்ஏ முறையில அடுக்கா வெக்கிறது பெரும்பாலும் 65537. ஏன்னா அதுக்குப் பதினாறு தடவை தன்னைத் தானே பெருக்கி, கடைசியில ஒரே ஒரு பெருக்கல் போட்டாப் போதும். அல்-பிரூனி பண்ணின அதே வேலை!

இப்பவாவது அந்த ஒரு அரிசி ஏன் முக்கியம்னு புரியுதா? பக்கத்துப் பக்கத்துல மூணு எண் இருக்கு.

…615-க்குள்ள ஏழு வேற வேற பகா எண், ஃபெர்மா, ஆய்லர், கவுஸ் எல்லாரும் வந்து போன வீடு.

…616-க்குள்ள 2-ஐத் தவிர ஒண்ணுமே இல்ல. அறுபத்து நாலு 2.

…617 இன்னொரு தினுசு. அதுதான் ஃபெர்மாவோட ஏழாவது எண். 1880-ல லாண்ட்ரினு ஒரு பிரெஞ்சுக்காரர் அதை உடைச்சு வெளியிட்டாரு: 274177 × 67280421310721. அப்ப அவருக்கு எண்பதை ஒட்டின வயசு. கால்குலேட்டர் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, காகிதமும் பொறுமையும்தான். 

ஒரு அரிசி தள்ளினா வம்சமே மாறிடுது.

அக்கா பொண்ணு விடல. "ரெண்டு பலகை பக்கத்துல வெச்சு 128 கட்டம் நிரப்பினா சித்தி?" அப்ப நம்ம எண்ணை 18446744073709551617-ஆல பெருக்கணும், லாண்ட்ரியோட ரெண்டு காரணியும் புதுசா வந்து சேரும். நாலு பலகை வெச்சா இன்னொண்ணு. இப்படிப் பலகையை இரட்டிப்பாக்கிட்டே போகலாம். ஒவ்வொரு தடவையும் ஃபெர்மாவோட அடுத்த எண் வந்து ஒட்டும். 65537-க்கு அப்புறம் அந்த வரிசையில இன்னொரு பகா எண் இதுவரைக்கும் அகப்படல. 3-ஐப் பூஜ்யமாவதுன்னு வெச்சா, அஞ்சாவதுல இருந்து 32-ஆவது வரைக்கும் எல்லாம் உடையும்னு தெரிஞ்சாச்சு. 33-ஆவது பகா எண்ணா இல்லையான்னு உலகத்துல யாருக்கும் தெரியாது. அதுக்கு 258 கோடிக்கு மேல இலக்கங்கள்.

அவ இப்ப வேற வேலையில இருக்கா. 641-க்கு 625 + 16-ன்னு ஒரு குறுக்குவழி இருந்துச்சே, அது மாதிரி 274177-க்கும் ஒண்ணு இருக்குமான்னு நோட்டு முழுக்கக் கிறுக்கிட்டு இருக்கா. 274177 = 256 × 1071 + 1-ங்கிற வரைக்கும் வந்திருக்கோம். அதுக்கு மேல போக உங்க யாருக்காவது நல்ல வழி தோணினா எழுதுங்க. விடையை மட்டும் முழுசாச் சொல்லிடாதீங்க, முதல் படி போதும்னு சொல்லச் சொன்னா.